கையெழுத்து யாருடையது?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று இரண்டாம் ஷிஃப்டில் இருந்ததால் வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேசியபடியேதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் நமது வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எஸ்.பி.பி. சிரித்துக்கொண்டிருக்கும் புகைப்படம், கண்ணாடி போட்ட ஃபிரேம், கீழே நீல மையில் கையெழுத்து. ஃபிரேமின் பின்பக்கம், இது அசல்தான் என்று முத்திரை குத்திய ஒரு சான்றிதழ். விலை 18,000 ரூபாய். நம் அண்டை வீட்டுக்காரர் ஒருவர், "வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வந்த பதில்களை எண்ணிப் பார்த்தேன், 43. தண்ணீர் லாரி வராத நாளில்கூட அத்தனை வந்ததில்லை.

அதில் ஆச்சரியம் இல்லை. ஓசூரில் எஸ்.பி.பி. யாருக்குச் சொந்தம் என்று பஞ்சாயத்து வைத்தால் முடியாது. தெலுங்கு பேசுகிறவர்கள் எங்கள் நெல்லூர்க்காரர் என்பார்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எங்கள் பாடகர் என்பார்கள், நாம் சும்மா இருப்போமா? 2020 செப்டம்பர் 25 அன்று அவர் போனபோது இந்தக் குடியிருப்பில் மூன்று மொழியிலும் அழுதார்கள். அப்படிப்பட்டவரின் கையெழுத்து வீட்டுச் சுவரில் மாட்டக் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் கை பரபரக்காது?

ஆனால் அந்த 43 பதில்களில் பாதி, "உடனே வாங்குங்க சார்" என்றது. பாதி, "டூப்ளிகேட் சார்" என்றது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் சரக்குப் பரிசோதனையில் இருந்தவன். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து ஏற்றுக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. இசையில் எனக்கு ஞானம் கிடையாது, என் மனைவியைக் கேட்டால் அதை விரிவாகவே சொல்வார். பரிசோதனை என்றால் என்னவென்று மட்டும் தெரியும். அதை வைத்துப் பேசுகிறேன்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு 'கோ – நோகோ' கேஜ் தெரியும். தெரியாதவர்களுக்காக: ஒரு துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பி. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக நடந்தால்தான் பொருள் பாஸ். கையெழுத்துக்கு அப்படி ஒரு கேஜ் செய்தால் அதில் நோகோ முனை மட்டும்தான் இருக்கும். இது பொய் என்று நிரூபிக்கப் பல வழிகள் உண்டு. இது உண்மை என்று எந்தக் கருவியும் சொல்லாது. எல்லாச் சோதனையிலும் தப்பித்தது என்றால், இதுவரை தப்பித்திருக்கிறது என்று மட்டும்தான் பொருள். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் உங்கள் பணம் பாதி தப்பிவிடும்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம், நாட்காட்டி போதும். எம்.எஸ். சுப்புலட்சுமி காலமானது 2004 டிசம்பர் 11. அவர் படம் போட்ட தபால்தலையை அஞ்சல்துறை வெளியிட்டது 2005 டிசம்பர் 18. ஆகவே அந்தத் தபால்தலையின் முதல்நாள் உறையில் எம்.எஸ். கையெழுத்து என்று யாராவது கொண்டுவந்தால் நீங்கள் லென்ஸைத் தேட வேண்டியதில்லை, டீ கொடுத்து அனுப்பிவிடலாம். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959-இல் மறைந்தார். அவர் காலம் 78 ஆர்.பி.எம். தட்டுகளின் காலம். அவர் பாடல்களைத் தொகுத்து வந்த எல்.பி. தட்டின் பளபளப்பான உறையில் வெள்ளி நிற மார்க்கரில் கையெழுத்து இருந்தால் அது பாகவதர் போட்டது அல்ல, அவருடைய ஆவி போட்டிருந்தால்தான் உண்டு.

கடைகளில் 500 ரூபாய் நோட்டைப் பார்க்க வைத்திருக்கிறார்களே, ஊதா விளக்கு டார்ச், அதுவும் இங்கே உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலாகச் சேர்க்கப்பட்டது. அந்தக் காகிதம் ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். 1940-களின் கடிதம் என்று சொல்லிக் கொடுத்தது ட்யூப் லைட் மாதிரி ஒளிர்ந்தால் கேள்வி கேளுங்கள். ஒளிரவில்லை என்றால் சந்தோஷப்படவும் வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகத்தின் வெற்றுத் தாள் யாருக்கும் கிடைக்கும். எடைக்கு எடை வாங்கலாம்.

பேனாவும் அப்படித்தான். ஜெல் பேனா ஜப்பானில் வந்ததே 1984-இல். "1970-இல் கச்சேரி முடிந்ததும் என் அப்பா வாங்கினார்" என்று ஒருவர் சொல்லி, கையெழுத்து ஜெல் பேனாவில் இருந்தால் கதை உடைந்தது. ஆனால் கவனியுங்கள், கதைதான் உடைந்தது. எம்.எஸ். 2004 வரை இருந்தாரே, பழைய தட்டில் பிற்காலத்தில் போட்டிருக்கலாமே? இருக்கலாம். ஆனால் விற்கிறவர் சொன்ன கதை பொய் என்று ஆனபிறகு அந்த ஆளிடம் எதற்கு வாங்க வேண்டும்?

இரண்டாவது, பூதக்கண்ணாடி. டைட்டனில் வேலை பார்த்தவர்கள் நம்மில் நிறைய இருக்கிறார்கள், கடிகாரக்காரர் கண்ணில் செருகும் லூப் அவர்களுக்குத் தெரியும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று போதும். அச்சடித்த கையெழுத்தாக இருந்தால் கோடு கோடாகத் தெரியாது, புள்ளி புள்ளியாகத் தெரியும். பேனாவில் போட்டதாக இருந்தால் மை படத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோட்டின் பளபளப்பு தனியாகத் தெரியும். கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை சற்று அடர்ந்திருக்கும். ரப்பர் ஸ்டாம்பாக இருந்தால் கோட்டின் விளிம்பில் மை பிதுங்கி, நடு வெளிறியிருக்கும்.

நம் நண்பரின் எஸ்.பி.பி. படம் இங்கேதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபிரேமோடு தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றவே அவருக்கு மனம் இல்லை. கழற்றி லூப்பை வைத்தால், எஸ்.பி.பி.யின் தாடியில் இருக்கும் அதே புள்ளிகள் கையெழுத்திலும் இருந்தன. படமும் கையெழுத்தும் சேர்ந்தே அச்சானவை. இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி அச்சடித்த கையெழுத்துப் படங்கள் எல்லாமே மோசடி அல்ல. ரசிகர்கள் கடிதம் போட்டால் நட்சத்திரங்களின் அலுவலகத்திலிருந்து அப்படிப்பட்ட படங்கள் வருவது நெடுநாள் வழக்கம். அதை யாரும் ஏமாற்றுவதற்காக அச்சடிக்கவில்லை. அதை அசல் கையெழுத்து என்று 18,000 ரூபாய்க்கு விற்பதுதான் மோசடி. நண்பர் முன்பணமாகக் கொடுத்த 3,000 ரூபாய் போனது போனதுதான். விற்றவரின் போன் அன்றிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.

"பின்னால் சான்றிதழ் இருந்ததே சார்" என்றார். அமெரிக்காவில் 1990-களில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க எஃப்.பி.ஐ. ஒரு பெரிய வேட்டை நடத்தியது, 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர். அதில் சிக்கிய சரக்குகளில் பலவற்றுக்குச் சான்றிதழ் இருந்தது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூட அதில் இருந்தன. அன்னை தெரசாவுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாங்கியவர் யாரும் யோசிக்கவில்லை. கையெழுத்தையே போலியாகப் போடத் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய வேலையா?

அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. பாப் டிலன் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், பாடல் எழுதியதற்காக 2016-இல் இலக்கிய நோபல் பரிசு வாங்கியவர். 2022 நவம்பரில் அவருடைய புத்தகம் ஒன்று வெளிவந்தது. அதில் 900 பிரதிகள் மட்டும் அவரே கையெழுத்திட்ட சிறப்புப் பிரதிகள், விலை 599 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 49,000 ரூபாய். விற்றது தெருவோர வியாபாரி அல்ல, சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற பெரிய பதிப்பகம். ஒவ்வொரு பிரதியோடும், இது டிலன் கையால் போட்ட கையெழுத்து என்று பதிப்பகத் தலைவரே எழுதிய கடிதம் வேறு. வாங்கியவர்கள் ஆளுக்கொரு படம் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, உங்கள் கையெழுத்தும் என் கையெழுத்தும் அச்சு அசல் ஒன்று.

நடந்தது இதுதான். ஆட்டோபென் என்று ஓர் இயந்திரம். கையெழுத்தின் பாதையைப் பதிவு செய்து வைத்தால், நிஜப் பேனாவைப் பிடித்து அதே பாதையில் ஓட்டும். நம் சி.என்.சி. மெஷினின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பேனா, நிஜ மை, ஆகவே லூப்பில் புள்ளி தெரியாது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. டிலனும் வருத்தம் தெரிவித்தார். 2019 முதல் தலைச்சுற்றல் நோய் இருந்தது, கொரோனா காலத்தில் நிறையக் கையெழுத்துப் போட ஆட்களை வைத்து ஏற்பாடு செய்ய முடியவில்லை, அதனால் இயந்திரத்தைப் பயன்படுத்தினேன் என்று ஒப்புக்கொண்டார்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நம் தொழிலுக்கு நேர் தலைகீழாக. நூறு போல்ட்டும் ஒன்றுபோல இருந்தால் நமக்கு சபாஷ். கையெழுத்தில் இரண்டு ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தினாலே ரிஜெக்ட். மனிதன் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை போடாது. பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, வங்கியில், "கையெழுத்து மேட்ச் ஆகலை" என்று நிற்க வைக்கும்போது நாமே வேறு ஆளோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனாலும் அந்த மாற்றங்களுக்கு ஓர் எல்லை உண்டு, அவரவருக்கு ஒரு டாலரன்ஸ் உண்டு. இன்னொன்று, அழுத்தம். கையால் வேகமாகப் போடும்போது கோடு தடித்தும் மெலிந்தும் போகும், கடைசிக் கோடு காற்றில் இழைந்து முடியும். இயந்திரம் ஒரே அழுத்தத்தில் போகும், தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனா குத்தி நிற்கும். பார்த்து எழுதுகிற போலிக்காரன் கையிலும் இதே குறை வரும். வரைவான், எழுதமாட்டான். நடுவில் நின்று மூலத்தைப் பார்ப்பான், அங்கே கோடு நடுங்கும்.

இந்த எல்லாவற்றையும் தாண்டும் ஒன்று இருக்கிறது. நிஜப் பேனா, நிஜக் கை, தயக்கமில்லாத வேகம், ஆனால் வேறு ஆள். பீட்டில்ஸ் குழு உச்சத்தில் இருந்தபோது நாலு பேரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட நேரம் ஏது? அவர்களோடு பயணம் செய்த உதவியாளர்கள் நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் இருவரும் நாலு பேரின் பெயரையும் போட்டுப் போட்டு ரசிகர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிய பெண் பொய் சொல்லவில்லை. அரங்கத்துக்குள்ளிருந்து வந்தது, அந்த நாள், அந்த ஊர், எல்லாம் உண்மை. கையெழுத்து மட்டும் அவர்களுடையது இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சந்தேகமில்லாத மாதிரிகளோடு ஒப்பிடுவது. ஒப்பிடும்போது விற்பனைக்கு வந்த படங்களோடு ஒப்பிடாதீர்கள். போலியைப் போலியோடு வைத்துப் பார்த்து, ஆகா பொருந்துகிறது என்று சொல்லிக்கொள்வதாக முடியும். தேதியோடு, யாரிடம் யார் கொடுத்தது என்று தெரிந்த மாதிரிகள் வேண்டும். ஒன்றல்ல, ஏழெட்டு.

ஆளின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பி.பி. ஸ்ரீநிவாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ராஜ்குமாருக்குக் குரல் கொடுத்தவர், நம் எல்லைப்பக்கம் அவருக்கும் சொந்தக்காரர்கள் அதிகம். சென்னையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலில் உட்கார்ந்து பல மொழிகளில் எழுதிக்கொண்டே இருப்பார். சட்டைப் பை நிறையப் பேனாக்கள், நிறம் நிறமாக மை. அவர் எழுதியதாக ஒரு தாள் வந்து, அதில் இரண்டு மூன்று நிறம் இருந்தால் நான் சந்தேகப்படமாட்டேன். வேறொரு பாடகர் பெயரில் அப்படி வந்தால் யோசிப்பேன்.

நம் சாட்சியச் சட்டம் இதையெல்லாம் முன்பே யோசித்து வைத்திருக்கிறது. முன்பு எவிடன்ஸ் ஆக்ட், 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம். கையெழுத்து யாருடையது என்று முடிவு செய்ய அதில் நிபுணரின் கருத்து ஒரு வழி, 39-ஆம் பிரிவு. நீதிமன்றமே ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வழி, 72-ஆம் பிரிவு. நடுவில் 41-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அந்த ஆளின் எழுத்தைப் பழகி அறிந்தவர் யாராவது இருந்தால் அவர் சொல்வதையும் கேட்கலாம். படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம். அவர் எழுதுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அவர் எழுதியது வழக்கமாகக் கைக்கு வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு எனக்கு மனப்பாடம் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. செயலாளர் கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் ஓசூரில் பள்ளி ஆசிரியர். சங்கீதப் பைத்தியம். ராமநவமி வந்தால் சாமராஜப்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துக் கச்சேரிகளுக்கு பஸ் ஏறிவிடுவார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிக் காலையில் வந்து, அப்படியே பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டாம். 1994-இல் அவர் போனபிறகு வீட்டில் ஒரு தட்டு மட்டும் பூஜை அலமாரிக்கு வந்தது. எம்.எஸ். பாடிய பஜகோவிந்தமும் விஷ்ணு சகஸ்ரநாமமும் உள்ள எல்.பி., 1970-இல் வந்தது. பஜகோவிந்தம் தொடங்கும் முன் ஆங்கிலத்தில் ஒரு முன்னுரை வருமே, அது ராஜாஜியின் குரல். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் பிறந்தவர். அதனால் எங்கள் வீட்டில் அந்தத் தட்டுக்கு இரட்டைப் பெருமை. மூன்றாவது பெருமை, உறையின் வலது மேல் மூலையில் நீல மையில் 'எம்.எஸ். சுப்புலக்ஷ்மி' என்று தமிழில் கையெழுத்து. கோட்டை ஹைஸ்கூல் கச்சேரி முடிந்ததும் அப்பா மேடைக்குப் பின்னால் போய் வாங்கியது என்று என் மனைவியும் மைத்துனியும் சொல்வார்கள். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவோம். நானும் காட்டியிருக்கிறேன்.

2019-இல் மைத்துனி மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. அவள் கணவர் வேலை பார்த்த யூனிட் மூடி எட்டு மாதம். பெங்களூரிலிருந்து பழைய தட்டு சேகரிக்கும் ஒருவர் வந்து பார்த்து, 25,000 தருகிறேன் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் அந்தத் தட்டு சில நூறு ரூபாய்தான். அவர் ஒன்று மட்டும் கேட்டார். "உங்கள் குடும்பத்தில் யாராவது, இது எம்.எஸ். அம்மா போட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." நியாயமான கேள்வி. மைத்துனி என்னிடம், "மாமா, நீங்கதான் நல்லா எழுதுவீங்க, எழுதிக் கொடுங்க" என்றாள்.

பேனாவை எடுத்தேன். 31 வருடப் பழக்கம், பார்க்காமல் பாஸ் போட்டதில்லை. லூப்பை எடுத்தேன். ஃபவுண்டன் பேனா மை, அச்சு இல்லை. நடுக்கம் இல்லை, தயக்கம் இல்லை. காலமும் பொருந்துகிறது. நோகோ முனை எங்கேயும் நுழையவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. எழுத்து அழகாக இருந்தது. கையெழுத்து மாதிரி ஓடவில்லை, வாசிப்பதற்காக எழுதியது மாதிரி நின்றது. அடியில் அளவாக ஒரு கோடு. இடமும் விசித்திரம். உறையில் அவ்வளவு பெரிய படம் இருக்க, யாராவது வலது மேல் மூலையில் ஓரமாகவா கையெழுத்து வாங்குவார்கள்? எனக்கு உடனே தோன்றியதைச் சொல்ல வாய் வரவில்லை. மாமனார் வீட்டு விஷயம். மாதிரிகள் தேடுகிறேன் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். எம்.எஸ்.ஸின் எழுத்தைப் பழகி அறிந்தவர் யார் கிடைப்பார் என்று சென்னையில் விசாரித்தேன். வக்கீல் நண்பர் ஒருவர்தான் இந்தச் சட்டப் பிரிவைச் சொல்லிக் கொடுத்தார், அப்போது அது பழைய சட்டத்தில் 47.

ஒருநாள் சாயங்காலம் தட்டை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மாமியாருக்கு அப்போது 84 வயது, எங்களோடுதான் இருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, தினமும் அதையே பார்க்கறீங்க?"

"இந்தக் கையெழுத்து எம்.எஸ். அம்மாவுடையதுதானான்னு பார்க்கறேன் அத்தை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது அவர் எழுத்து இல்ல?" என்றார். அவர் என்றால் மாமனார். "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அட்டையில எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். அவர் ஸ்கூலுக்குப் போனப்புறம் நான் எடுத்துப் போட்டுக் கேக்கணும்னு ஒவ்வொண்ணுலயும் யார் பாட்டுன்னு தமிழ்ல எழுதி வச்சார். பரண்ல பெட்டியில மிச்சம் இருக்கும் பாருங்க."

ஏறிப் பார்த்தேன். பதினொரு தட்டுகள். பாலமுரளி, சீர்காழி, மதுரை சோமு. எல்லாம் அதே நீல மை, அதே வலது மேல் மூலை, அடியில் அதே கோடு. அலமாரியில் நிற்க வைத்துப் புரட்டினால் கண்ணில் படுகிற மூலை அது.

"இத்தனை வருஷம் ஏன் அத்தை சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. சாமி பாட்டுன்னு சாமி ரூம்ல வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

மாமனார் கோட்டை ஹைஸ்கூலில் எம்.எஸ். கச்சேரி கேட்டது உண்மை. மறுநாள் வந்து மணிக்கணக்கில் அதைப் பற்றிப் பேசியது உண்மை. மைத்துனிக்கு அப்போது ஏழு வயது. பார்த்ததும் கேட்டதும் எழுதியிருந்ததும் ஒன்றாகச் சேர்ந்து, அவர் போனபிறகு ஒரு கதையாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. மைத்துனி கேட்டாள், "அம்மாவுக்கு வயசாச்சு, மறந்திருப்பாங்கன்னு ஏன் வச்சுக்கக் கூடாது?" பதினொரு தட்டைக் காட்டினேன். "நீங்க குவாலிட்டி பார்க்கறவர் மாமா, மனுஷங்களையும் ரிஜெக்ட் பண்ணிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டணத்துக்கு நானும் கொஞ்சம் கொடுத்தேன், மீதிக்கு அவள் நகையை அடகு வைத்தாள். ஒரு வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த ஒரு வருடம் என் மனைவி என்னிடம் சங்கீதம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமியார் 2021-இல் போனார். காரியம் முடிந்த அன்று மைத்துனி பூஜை அலமாரியிலிருந்து அந்தத் தட்டை எடுத்தாள். விற்பதற்கா என்று நான் கேட்கவில்லை. அவளே, "அப்பா அம்மாவுக்கு எழுதினது, நான் வச்சுக்கறேன்" என்றாள். மற்ற பதினொன்றும் எங்களிடம்தான் இருக்கின்றன.

இப்போது வேலை விஷயம். உங்கள் வீட்டில் ஒரு கையெழுத்து இருந்தால், யார் வாங்கினார், எங்கே, எந்த வருடம், கூட யார் இருந்தார் என்று தனித்தாளில் எழுதி, தேதி போட்டு அதோடு வையுங்கள். பொருளின் மேல் எழுதாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். வாங்குவதாக இருந்தால், "போலி என்று தெரிந்தால் பணம் திருப்பித் தருவேன்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மூர் மார்க்கெட்டில் கிடைத்தது, அவென்யூ ரோட்டில் கிடைத்தது என்ற கதைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது, அங்கே போய் விசாரிக்க முடியாது என்பதுதான் அந்தக் கதையின் வசதி.

லூப்பும் ஊதா டார்ச்சும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், காசு வேண்டாம். வரும்போது வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் லூப்பை எடுப்பேன்.